மண்ணே பெட்ரோலைத் தின்றுவிடும் என்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கொங்குப் பகுதியின் சிற்றூர் ஒன்றிலிருந்து, பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன், 52 வயதான வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டுக் கிணறு மாமனார் காலத்தில் வெட்டியது. 45 அடி ஆழம். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வாரம் ஒருமுறைதான் வருகிறது. அது தீர்ந்துபோகும் நாட்களில் சமையலுக்கும், மற்றபடி குளிக்க, துணி துவைக்க, இரண்டு மாடுகளுக்கு, பத்துத் தென்னைகளுக்கு என எல்லாவற்றுக்கும் கிணறுதான். 14 மாதங்களுக்கு முன், தீபாவளி கழிந்த சில நாட்களில், கிணற்று நீரில் பெட்ரோல் வாடை அடித்தது. வீட்டிலிருந்து ஏறக்குறைய 40 மீட்டர் தொலைவில், மேட்டுப் பக்கமாக, ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. நிலத்தடித் தொட்டியின் குழாய் இணைப்பில் கசிவு இருந்ததைப் பங்க் தரப்பு ஒப்புக்கொண்டு அந்தக் குழாயை மாற்றியது. எவ்வளவு பெட்ரோல் மண்ணுக்குள் போனது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பங்க் தரப்பு அனுப்பிய பொறியாளர் ஜூனில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையும் நீர் மாதிரி எடுத்தார். ஜூனில் பென்சீன் லிட்டருக்கு 1.9 மில்லிகிராம், டிசம்பரில் 0.4 மில்லிகிராம். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் பெட்ரோலைத் தாமாகவே தின்றுவிடுகின்றன, ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது, இன்னும் ஓராண்டில் முழுவதும் சரியாகிவிடும், வேறு எதுவும் செய்யத் தேவையில்லை என்று அவருடைய அறிக்கை முடிகிறது. அதைக் காட்டி, 2 லட்சம் ரூபாய் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றும் பங்க் உரிமையாளர் கேட்கிறார். பெட்ரோல் வாடை குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் இப்போது அழுகிய முட்டை வாடை வருகிறது. வாளியில் பிடித்துவைத்த நீர் சற்று நேரத்தில் செம்பழுப்பாகிறது. கொதிக்கவைத்தால் போதும் என்கிறார் கணவர். 600 அடிக்குப் போர் போடலாம் என்கிறார் தம்பி. ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தூர் வாரலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பங்குனியில் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறார். “மண் பெட்ரோலைத் தின்னும் என்பது உண்மையா, என்னை ஏய்ப்பதற்காகச் சொல்லும் கதையா? கையெழுத்துப் போடலாமா?” என்பது அவருடைய கேள்வி.

நிலத்தடி நீரியல் வல்லுநரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவோ, சமைக்கவோ, குளிக்கவோ, மாடுகளுக்குக் காட்டவோ வேண்டாம். வாடை குறைந்ததால் டிசம்பரிலிருந்து மீண்டும் கொதிக்கவைத்துச் சமையலுக்கு எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே நிறுத்துங்கள். அந்தக் கையெழுத்தையும் இப்போது போட வேண்டாம். ஏன் என்பதை இனி விரிவாகச் சொல்கிறேன்.

மண் பெட்ரோலைத் தின்னும் என்பது கதை அல்ல

பொறியாளர் சொன்னதன் அடிப்படை உண்மையானது. பெட்ரோலில் உள்ள பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் போன்ற பொருட்களை உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ எல்லா மண்ணிலும் இருக்கின்றன. அவற்றை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியதில்லை. ஆக்சிஜன் இருக்கும்வரை அவை வேகமாக வேலை செய்யும். ஆனால் நிலத்தடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு: ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடியது சுமார் 8 மில்லிகிராம்தான். ஒரு மில்லிகிராம் பென்சீனை முழுமையாகச் சிதைக்க ஏறத்தாழ 3 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், கசிவு நடந்த இடத்தில் இருந்த ஆக்சிஜன் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்திருக்கும் என்பது உங்களுக்கே புரியும். தீர்ந்த பிறகும் வேலை நின்றுவிடுவதில்லை. பாக்டீரியாக்களில் வேறு வகைகள் தலையெடுத்து, நீரில் உள்ள நைட்ரேட்டையும், பிறகு மண்ணில் உள்ள மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளையும், பிறகு சல்பேட்டையும், கடைசியில் கார்பன் டை ஆக்சைடையும் பயன்படுத்திப் பெட்ரோலைச் சிதைக்கின்றன. ஒவ்வொரு படியிலும் வேகம் பொதுவாகக் குறைந்துகொண்டே போகும்.

உங்கள் வாளியில் நீங்கள் பார்ப்பதும் இதைத்தான். சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதிலிருந்து வருகிறது. மண்ணின் இரும்பு, ஆக்சிஜன் இல்லாத நீரில் கரைந்து நிறமில்லாமல் வந்து, வாளியில் காற்றுப் பட்டதும் துருவாகிச் செம்பழுப்பாகப் படிகிறது. யாரோ புதிதாக எதையோ கலந்துவிட்டார்கள் என்று நீங்கள் அஞ்சியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. இது நுண்ணுயிரிகள் வேலை செய்வதற்கான அறிகுறி. அதே சமயம், நீர் நல்லதாகிவிட்டது என்பதற்கான அறிகுறியும் அல்ல.

இந்த அறிவியல் எப்படித் திரண்டது என்பதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள பெமிட்ஜி நகரின் அருகே நடந்ததைச் சொல்ல வேண்டும். 1979 ஆகஸ்ட் 20 அன்று அங்கே கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்து, சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியது. அள்ள முடிந்ததை அள்ளிய பிறகும் சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் தங்கிவிட்டது. 1983 முதல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அந்த இடத்தையே ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டு, இயற்கை அந்த எண்ணெயை என்ன செய்கிறது என்று அளந்துவருகிறது. நீர் ஓடும் வேகத்துக்குப் பென்சீன் வெகுதூரம் போயிருக்க வேண்டும். பாக்டீரியாக்கள் வழியிலேயே சிதைத்ததால் அவ்வளவு தூரம் போகவில்லை என்று அங்கே கண்டார்கள். 1995இல் கலிஃபோர்னியாவில் கசிந்த எரிபொருள் தொட்டிகளை ஆராய்ந்தபோதும், பெரும்பாலான இடங்களில் பென்சீன் சுமார் 250 அடிக்கு அப்பால் பரவவில்லை என்று தெரியவந்தது.

ஆனால் பெமிட்ஜி சொல்லும் மறுபாதியையும் கேட்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் எண்ணெய் அங்கே மண்ணில் இருக்கிறது. எண்ணெய் முழுமையாகச் சிதையாமல் பாதி வழியில் நிற்கும் இடைப்பொருட்கள், பென்சீனைவிட அதிக தூரம் போயிருக்கின்றன. இரும்பு ஆக்சைடுகள் கரையும்போது அவற்றில் இயல்பாகவே ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீருக்கு வந்தது: லிட்டருக்கு 230 மைக்ரோகிராம் வரை பதிவாகியிருக்கிறது. குடிநீருக்கான வரம்பு 10 மைக்ரோகிராம். எண்ணெயில் வந்த நஞ்சல்ல அது; எண்ணெயைத் தின்னும் வேலையால் மண்ணிலிருந்து விடுபட்ட நஞ்சு. உங்கள் கிணற்றிலும் ஆர்சனிக் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நீர் செம்பழுப்பாவதாக எழுதியிருப்பதால், அடுத்த சோதனையில் ஆர்சனிக்கையும் மாங்கனீசையும் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன்.

அந்த அறிக்கை ஏன் போதாது

மாசு தானாகவே குறைந்துவிடும் என்ற பொருளில் இயற்கைத் தணிப்பு என்ற சொல்லை அந்தப் பொறியாளர் பயன்படுத்தியிருக்கிறார். அந்தச் சொல்லின் முழுப் பொருள் வேறு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைக் கண்காணிப்புடன் கூடிய இயற்கைத் தணிப்பு என்றே அழைக்கிறது. எதுவும் செய்யாமல் விட்டுவிடுவதற்கு அது இன்னொரு பெயர் அல்ல என்றும், கசிவின் மூலத்தைக் கட்டுப்படுத்துவது அதோடு சேர்ந்தே வர வேண்டும் என்றும் தெளிவுபடுத்துகிறது. அதாவது, இயற்கை சுத்தம் செய்கிறது என்று சொல்பவர்தான் அதை அளந்து நிரூபிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல.

அறிக்கையின் இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதிரியை எடுக்கும்போது கிணற்றில் நீர் 38 அடியில் கிடந்தது என்றும், டிசம்பரில் மழைக்குப் பின் 14 அடிக்கு ஏறியிருந்தது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அறிக்கையில் இந்த விவரமே இல்லை. 45 அடிக் கிணற்றில் ஜூனில் 7 அடி நீர், டிசம்பரில் 31 அடி நீர். நான்கு மடங்குக்கு மேல் நீர் பெருகியபோது, அடர்த்தி ஐந்தில் ஒரு பங்காகியிருக்கிறது. இதில் எவ்வளவு பாக்டீரியாவின் வேலை, எவ்வளவு மழைநீர் கலந்ததால் வந்தது என்று அந்த இரண்டு எண்களைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. கோடையை மழைக்காலத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கிணறும் சுத்தமாகிவருவதுபோல்தான் தெரியும். சென்ற ஜூனை வரும் ஜூனோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்து, மாதிரி எடுத்த விதம். ஜூனில் கிணற்றிலிருந்து நேராகவும், டிசம்பரில் மாடித் தொட்டியின் குழாயிலிருந்து, பழைய தண்ணீர் பாட்டிலில் முக்கால் அளவுக்கும் பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பென்சீன் எளிதில் ஆவியாகும் பொருள். மோட்டார் ஏற்றி, தொட்டியில் கொட்டி, வெயிலில் கிடந்து, மறுபடி குழாயில் இறங்கிய நீரில் கணிசமான பங்கு பறந்துபோயிருக்கும். பாட்டிலின் காலி இடத்துக்குள்ளும் ஒரு பங்கு ஏறியிருக்கும். முறைப்படி, இதற்கென உள்ள சிறு கண்ணாடிக் குப்பியில், கிணற்று நீரைக் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே 0.4 என்ற எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த எண்ணையே அப்படியே ஏற்றுக்கொண்டாலும், குடிநீரில் பென்சீனுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். உங்கள் நீர் அதைப்போல் 40 மடங்கு.

இன்னொன்று, உங்கள் மண். பெமிட்ஜியும் மேலே சொன்ன கலிஃபோர்னிய இடங்களில் பலவும் மணலும் சரளையும் சேர்ந்த படிவுகள். நீர் அவற்றில் ஓரளவு சீராக ஊர்ந்து செல்லும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் கடும்பாறைப் பகுதி. கொங்குப் பகுதியும் அதில் அடக்கம். மேலே சிதைந்த பாறை, அதன் கீழே வெடிப்புகள். பெட்ரோல் ஒரு வெடிப்பைப் பிடித்துவிட்டால் அருகில் உள்ள கிணற்றைத் தொடாமல் தூரத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். உங்கள் கிணற்றுக்கும் பங்குக்கும் நடுவில் இருக்கும் வீட்டுக் கிணறு நன்றாக இருப்பதால் உங்கள் புகாரை ஊரில் சிலர் நம்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாறைப் பகுதியில் அது நடக்கக்கூடியதே. அதனால்தான் மணற்பாங்கான ஊர்களின் 250 அடிக் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவந்து வைக்க எனக்குத் துணிவில்லை.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. இன்று நம் பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. பாக்டீரியாக்களுக்குப் பென்சீனைவிட எத்தனால் பிடித்த உணவு. கிடைக்கும் ஆக்சிஜனையும் நைட்ரேட்டையும் அதற்கே செலவழித்துவிட்டு, பென்சீனைப் பிறகுதான் தொடும். எத்தனால் கலந்த பெட்ரோல் கசிந்த இடங்களில் பென்சீன் இன்னும் சற்று அதிக தூரம் போவதற்கு இதுவே காரணம். பழைய ஆய்வுகளை மட்டும் நம்பி ஓராண்டு என்று காலம் குறிப்பது சரியல்ல.

எவ்வளவு பெட்ரோல் போனது என்று சொல்லாததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான குறையாகப் படுகிறது. பெட்ரோல் நீரைவிட இலேசானது. நீர்மட்டத்தின் மேல் படலமாக மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது படலமும் கூடவே இறங்கி வழியெல்லாம் மண்ணிலும் பாறை வெடிப்பிலும் பூசிக்கொள்ளும். மழையில் நீர் ஏறும்போது பூசிய பெட்ரோல் நீருக்கடியில் சிக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். பிஎஸ் 6 என்ற தர விதிப்படி இப்போது விற்கும் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்குமேல் இருக்கக்கூடாது என்பது விதி. அந்த 1 சதவீதத்தையே வைத்துப் போட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கும் அதிகமான நீரை வரம்புக்கு மேலே கொண்டுபோகப் போதும். குழாயை மாற்றியது இனிமேல் கசியாமல் தடுக்கும். ஏற்கெனவே மண்ணில் சிக்கியிருப்பதை அது அகற்றவில்லை.

வீட்டில் சொல்லப்படும் யோசனைகள்

கணவர் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் கொதிக்கவைப்பது கிருமிகளுக்கான மருந்து. பென்சீன் 80 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீரிலிருந்து கிளம்பி அடுப்படிக் காற்றில் சேரும், அதை அடுப்புக்கு முன்னால் நிற்பவர் சுவாசிப்பார். வெந்நீர்க் குளியலிலும் இதுவே நடக்கும். வாடை இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்பதும் தவறு: நீரில் பென்சீனை நம் மூக்கும் நாக்கும் உணர்வதற்கு முன்பே அது வரம்பைப்போல் பல மடங்கைத் தாண்டியிருக்கும். ஆர்ஓ கருவியை நம்பியும் இருந்துவிடாதீர்கள். கரி வடிப்பான் பென்சீனைப் பிடிக்கும், ஆனால் அது எப்போது நிரம்பிப்போகிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

தம்பி சொல்லும் 600 அடிப் போர், உங்கள் மனையில் இப்போது போட்டால் மேலே உள்ள மாசு ஆழத்துக்கு இறங்குவதற்கு நாமே ஓர் வழி திறந்ததாகிவிடும். கேசிங் குழாயைப் பாறைவரை இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் கலவையால் அடைக்காமல் விடுவதே நம் பக்கத்து வழக்கம். அதோடு, ஆழத்திலிருந்து மணிக்கணக்கில் இறைக்கும்போது வெடிப்புகளின் வழியே மேல்நீரும் சேர்ந்தே வரும். இறைத்துக்கொண்டே இருந்தால் கிணறு சுத்தமாகிவிடும் என்று தென்னைக்கு நாள்முழுவதும் மோட்டார் ஓட்டுகிறீர்கள், அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மோட்டார்தான் பங்கிலிருந்து மாசை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கக்கூடும். தென்னைக்கு வேறு நீர் கிடைக்கும்வரை, உயிர் தாங்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் யோசனைதான் எனக்கு அச்சமூட்டுகிறது. பெட்ரோல் கலந்த கிணற்றுக்குள் தூர் வார ஒருவரை இறக்குவது உயிரைப் பணயம் வைப்பது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கிணற்றின் அடியில் தங்கும். ஹைட்ரஜன் சல்பைடும், நுண்ணுயிரிகள் வெளியிடும் மீத்தேனும் அங்கே சேர்ந்திருக்கலாம். இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். கிணற்றுமேட்டில் பீடி, விளக்கு எதுவும் கூடாது. நீர் பற்றி எரிகிறதா என்று தீக்குச்சி உரசிப் பார்க்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளீச்சிங் பவுடர் பெட்ரோலை அகற்றாது. வேலை செய்துகொண்டிருக்கும் பாக்டீரியாக்களைக் கொன்று, குளோரின் சேர்ந்த வேறு பொருட்களை உண்டாக்கும்.

உங்கள் மகளும் குடும்பமும்

பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். எலும்பு மஜ்ஜையையும் இரத்த அணுக்களையும் பாதிப்பது. கருவில் உள்ள குழந்தையையும் எட்டக்கூடியது. மகள் வரப்போவது பங்குனியில். அதன் பிறகு சித்திரை, வைகாசி என்று கிணற்றில் நீர் அடிமட்டத்துக்கு இறங்கும், மாசின் அடர்த்தி மீண்டும் ஏறக்கூடிய காலம் அது. அதனால் அவர் வருவதற்குள் குடிக்க, சமைக்க, குளிக்க, குழந்தையின் துணி துவைக்க என அனைத்துக்கும் மாற்று நீர் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த ஏற்பாடு உறுதியாகவில்லை என்றால், பிரசவம் வேறொரு உறவினர் வீட்டிலோ மருமகன் வீட்டிலோ நடப்பது நல்லது. ஊர்ப் பேச்சை நினைத்துத் தயங்காதீர்கள். நீங்களும் கணவரும் 14 மாதங்களாக இந்த நீரில் புழங்கியதை மருத்துவரிடம் சொல்லி, முழு இரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். அந்த முடிவு இப்போதைய நிலையைக் காட்டும். பின்னாளில் தேவைப்பட்டால் ஆவணமாகவும் நிற்கும். கிணற்றுப் பக்கத்து அறைகளில் மூடிய கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வருகிறதா என்றும் கவனியுங்கள். ஆவி மண் வழியாகவும் வீட்டுக்குள் வரும்.

கேட்க வேண்டியவை

இயற்கையை நம்பலாம் என்று நானே ஒருநாள் உங்களுக்கு எழுத நேரலாம். அதற்கு முன் மூன்று விஷயங்கள் காகிதத்தில் என் கண்முன் இருக்க வேண்டும்.

1. மூலம் தீர்ந்ததற்கான சான்று. தொட்டிகளும் குழாய்களும் கசிவுச் சோதனையில் தேறிய அறிக்கை. இருப்புப் பதிவேட்டின்படி எத்தனை லிட்டர் குறைந்தது என்ற கணக்கு. நீர்மட்டத்தில் மிதக்கும் பெட்ரோல் அளந்து அகற்றப்பட்டதற்கான பதிவு. மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சி எடுக்கும் முறைகள் இருக்கின்றன. மிதக்கும் பெட்ரோல் இருக்கும்வரை இயற்கையை மட்டும் நம்பி விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

2. கண்காணிப்புக் கிணறுகள். பங்குக்கு மேட்டுப் பக்கம் ஒன்று, பங்கின் எல்லையில் ஒன்று, இடையில் ஒன்று, உங்களுக்கு அப்பால் பள்ளத்தில் ஒன்று எனக் குறைந்தது நான்கு. நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அறியவே மூன்று கிணறுகளின் நீர்மட்டம் வேண்டும். ஒரே ஒரு கிணற்றை, அதுவும் உங்கள் கிணற்றை மட்டும் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கை இது.

3. ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முடிவுகள், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு. பென்சீன் வகைகளோடு கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், இரும்பு, மாங்கனீசு, சல்பேட், மீத்தேன், ஆர்சனிக் ஆகியவையும் வேண்டும். கடையில் கொடுக்கும் சாதாரணக் குடிநீர்ச் சோதனையில் இவற்றில் பல இருக்காது. பென்சீன் அறவே இருக்காது. ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தைக் குறித்திருக்க வேண்டும்.

கையெழுத்தும் சட்டமும்

நான் வழக்கறிஞர் அல்ல. உங்கள் ஆவணத்தை ஒரு வழக்கறிஞர் நேரில் படிக்க வேண்டும். ஆனால் இந்தத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கிணறுகளை மாசுபடுத்துவதையும் தடைசெய்கிறது. நிலத்தடி நீரும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை, பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டமும் அதே கோட்பாட்டின்படியே தீர்ப்பளிக்கச் சொல்கிறது.

காலக்கெடுவைப் பற்றி நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். ஆறு மாதம் கடந்துவிட்டதால் இனிப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாத வரம்பு அந்தத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் வரும் பொதுவான சுற்றுச்சூழல் வழக்குகளுக்கானது. இழப்பீடும், கெட்ட சூழலைச் சீராக்கும் உத்தரவும் கேட்கும் மனுக்கள் 15ஆம் பிரிவின் கீழ் வருகின்றன. அவற்றுக்கு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு. உங்களுக்கு இன்னும் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. ஆகவே அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. இன்னும் ஓராண்டில் சரியாகிவிடும், பொறுங்கள் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு அந்த ஆண்டுகளைக் கழித்துவிடவும் வேண்டாம்.

இந்தப் பாதையில் நீங்கள் முதல் ஆளும் அல்லர். 2013இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து ஆழ்துளைக் கிணறுகளில் டீசல் வந்தபோது, அந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போயிற்று. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளைக் கெடுத்த வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

உரிமையாளர் தரும் 2 லட்சம் உங்களுக்கு இப்போது பெரிய தொகை என்பதை நான் அறிவேன். நாளும் லாரித் தண்ணீர் வாங்கினால் அது எத்தனை மாதம் வரும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பணத்தை இடைக்கால உதவியாகத் தரச் சொல்லி, உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்ற வாசகத்தோடு பெற்றுக்கொள்ளலாம்; அந்த வாசகத்தை வழக்கறிஞர் எழுதட்டும். உரிமையாளரிடம் பகைமை வேண்டியதில்லை. அவரும் தொட்டி கசியட்டும் என்று நினைத்தவர் அல்லர். அவருக்குப் பின்னால் உள்ள எண்ணெய் நிறுவனத்தின் கோட்ட அலுவலகத்துக்கும், மாவட்ட ஆட்சியருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதத்தில் மாற்று நீர் உடனே வேண்டும் என்பது முதல் வரியாக இருக்கட்டும். மேலே சொன்ன மூன்றும் அடுத்து வரட்டும். மாசடைந்த இடங்களுக்கென மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்த விதிகளையும் சுட்டிக்காட்டுங்கள். பங்க் பொதுத்துறை நிறுவனத்துடையது என்றால், கசிவுச் சோதனை அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பள்ளத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் நல்லது. அவர்கள் கிணறு இன்று நன்றாக இருந்தாலும் இது அவர்களுடைய விஷயமும்தான்.

இதற்கிடையில் ஒரு சிறு வேலை உங்கள் கையில் இருக்கிறது. மழைமானி வைத்திருப்பவர்கள் நோட்டுப் போடுவதுபோல், வாரம் ஒருமுறை கயிற்றில் கல் கட்டி, கைப்பிடிச் சுவரிலிருந்து நீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று அளந்து தேதியோடு எழுதுங்கள். வாடை எப்படி இருந்தது, நீர் எவ்வளவு நேரத்தில் சிவந்தது, அன்று மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குனிந்து எட்டிப் பார்க்காமல் சற்றுத் தள்ளி நின்று அளக்க வேண்டும். வரும் ஜூனில் முறைப்படி எடுத்த மாதிரியின் முடிவும் அந்த நோட்டும் வந்துசேர்ந்தால், உங்கள் கிணற்றில் இயற்கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை என்னால் அப்போது சொல்ல முடியும்.